பின்புறம் தாழ்ந்த ப்ளிமத்

வியாழக்கிழமை ஆறு மணிக்குக் கூடும் பழைய கார்க் கூட்டத்துக்கு மூன்று மணிக்கே வந்துவிடுவான் டெல்மர். ஐஸ்கிரீம் கடைக்காரப் பெண் அப்போதுதான் கதவைத் திறந்து நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருப்பாள். நாற்பது கார் நிற்கக்கூடிய அந்தக் காலி இடத்தில் அவன் நேராகப் போவது கடைசி மூலைக்கு, மேப்பிள் மரத்தடிக்கு. முன்னால் போவான், பின்னால் வருவான், இறங்கிப் பார்ப்பான், மறுபடி ஏறி அரையடி நகர்த்துவான். மரத்தின் வேர் தார்த் தரையைத் தூக்கிவிட்டதில் அங்கே ஒரு மேடு. இடது பின்சக்கரம் அந்த மேட்டின் மேல் ஏறி நின்றதும்தான் எஞ்சினை அணைப்பான். தள்ளி நின்று பார்த்தால் வண்டி சமமாக நிற்பது போலத் தெரியும். ஊரை ஏமாற்றியாயிற்று, இனி உட்காரலாம்.

வண்டி அறுபத்தொன்பதாம் வருஷத்து ப்ளிமத். இரண்டே கதவு, ஆலைச் சங்கு மாதிரி அலறும் எஞ்சின், பச்சை வர்ணம். வர்ணத்தில் குறை சொல்ல முடியாது. டெல்மர் தன் முகத்தைக் கழுவுவதைவிட அதிக தடவை அதைக் கழுவுகிறான். கோளாறு அடியில். பின் ஆக்சிலுக்கு மேலே வில் போல வளைந்து வண்டியைத் தாங்க வேண்டிய ஸ்பிரிங் பட்டைகள் ஐம்பத்தைந்து வருஷத்தில் களைத்துப்போய்த் தட்டையாகிவிட்டன. பின்பக்கம் முழுதும் தொங்கும், ஓட்டுநர் உட்காரும் இடது பக்கம் இன்னும் இரண்டு அங்குலம் கூடுதலாகத் தொங்கும். இது எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒஹையோவின் இந்த மூலையில் சோளத்துக்கு அடுத்தபடி நாங்கள் பேசுவது பழைய கார்களைப் பற்றித்தான். இதுகூடத் தெரியாமலா இருக்கும்?

அவனிடம் மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் காரணம் தயாராக இருக்கும். ஒரு வாரம், "டாங்க் ஃபுல்லா இருக்குடா, அதான்." அடுத்த வாரம், "தரை கோணல். அந்த தார் போட்டவனப் போய்க் கேளு." ஒரு தடவை என் முகத்துக்கு நேராகவே, "பாயறதுக்கு முன்னாடி புலி எப்படி நிக்கும்? பின்னாடி பதுங்கித்தானே நிக்கும்?" என்றான். உதிரிபாகக் கடையின் கவுண்ட்டருக்குப் பின்னால் முப்பத்தொரு வருஷம் நின்றவன் நான். உடைந்த பாகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "சிநேகிதனுக்கு வேணும்" என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த முகம்தான் அது.

தன் வண்டியைப் பற்றிப் பேச்சு வராமல் இருக்க அவன் கண்ட வழி, மற்றவர் வண்டியைப் பற்றி ஓயாமல் பேசுவது. நாற்காலி நாற்காலியாகப் போவான். "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத" என்று ஆரம்பிப்பான். தப்பாக எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியே இருக்காது. ஒருவன் இரண்டு குளிர்காலம் கொட்டகையில் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த வண்டியைச் சுற்றி வந்து, "பின் விளக்கு மூடி புதுசு போல? பாவம், தூரத்துலேர்ந்து பாத்தா தெரியாது" என்றுவிட்டு நகர்ந்துவிடுவான். அந்த ஆளின் மனைவி கையில் இருந்த ஐஸ்கிரீம் உருகி வழிந்ததை நான் பார்த்தேன். ப்ளிமத் சங்கத்தின் மாவட்டத் தலைவர் என்று முதுகில் எழுதிய வெள்ளை ஜாக்கெட் ஒன்று வைத்திருக்கிறான். சங்கத்தில் மூன்று பேர். அதில் ஒருவர் ஃபுளோரிடாவுக்குக் குடிபோய்விட்டார்.

பாரம் என்றால் அவனுக்கு ஜுரம் வந்துவிடும். மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, ஜாக்கி, உபரி டயர் எல்லாவற்றையும் அவன் மனைவி ஆர்லீன் தன் வேனில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வருவாள். கல்யாணமான புதிதில் அந்தக் காரின் முன் சீட்டில் உட்கார்ந்து ஊர் சுற்றியவள், இப்போது அதன் பின் விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறாள். யாராவது ஆசைப்பட்டு, "ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயேன்" என்றால், "நீ எத்தன பவுண்டு?" என்று கேட்பான். வெட்கமே கிடையாது. ஒல்லியாக இருந்ததால் போதகருக்கு ஒரு தடவை இடம் கிடைத்தது. போதகரின் மனைவி கதவருகே போனபோது, "சீட்டு பெல்ட்டு சரியில்லீங்க" என்றுவிட்டான். அந்த அம்மாள் அடுத்த ஞாயிறு பிரார்த்தனையில் அவன் பக்கம் திரும்பவே இல்லை, நியாயம்தான்.

இரண்டு கோடைக்கு முன் காற்றடிக்கிற ஷாக்குகளை வாங்கி மாட்டினான். பெட்ரோல் பங்கில் டயருக்கு அடிப்பது போல அதற்கும் காற்றடித்தால் பின்பக்கம் உயரும். அன்றைக்கு அவன் வந்த வரவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பின்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஏழு மணிக்கு லேசாக ஸ்ஸ் என்று ஒரு சத்தம். அவன் குரலை உயர்த்திப் பேச ஆரம்பித்தான், வண்டி இறங்க ஆரம்பித்தது. அன்றைய சிறந்த வண்டிக்குப் பரிசு அறிவிக்கிற நேரத்துக்கு வண்டி பழையபடி குந்திவிட்டது. "வால்வுல தூசி" என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் குடித்துக்கொண்டிருந்த ரூட் பியர் சோடா மூக்கில் ஏறிவிட்டது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. ஆனால் வெண்டல் விஷயத்தில் அவன் செய்ததை என்னால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை.

வெண்டல் ஆர்லீனின் அண்ணன். அந்தப் ப்ளிமத்தைப் புதிதாக வாங்கியவரே அவர்தான். வார்ப்பட ஆலையில் சேர்ந்த முதல் வருஷத்துச் சம்பளத்தில், இருபது வயதில் வாங்கினார். ஆலை ஆட்குறைப்பு செய்தபோது தங்கை வீட்டுக்காரனுக்கே கொடுத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை, எப்போது கேட்டாலும் ஒரு ரவுண்டு கூட்டிப் போக வேண்டும். டெல்மர் கை கொடுத்துச் சம்மதித்தான். நான் பக்கத்தில் நின்றேன். வெண்டல் சாதாரணமாக எதையும் கேட்கிற மனிதர் இல்லை. நாற்பது வருஷத்தில் இரண்டோ மூன்றோ தடவை கேட்டிருப்பார். இப்போது ஆலைப் புழுதி நெஞ்சில் இறங்கி, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஊருக்கு வெளியே முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மூன்று கோடையாகக் கேட்கிறார். குவாரி ரோடு வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று கோடையாக டெல்மருக்கு வேலை இருந்தது. மழை வரும் போல இருந்தது. கிளட்ச் சரியில்லை. உண்மை என்னவென்றால் வெண்டல் முந்நூறு பவுண்டு, இரண்டு ஆள் எடை. அவர் ஏறி உட்கார்ந்தால் வண்டி இருக்கிற லட்சணத்தில் டயர் மட்கார்டில் உரசும், ஊர் பார்க்கும். ஒரு மனிதனின் கடைசி ஆசைக்கும் தன் வண்டியின் பின்பக்கத்துக்கும் நடுவில் பின்பக்கத்தைத் தேர்ந்தெடுத்தான். சீ என்று இருந்தது எனக்கு.

இந்த ஜூனில் டாக்டர் ஆர்லீனைத் தனியாக அழைத்து, அண்ணனுக்கு இன்னொரு கோடை இருக்காது என்று சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. அன்று வியாழக்கிழமை. நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே மேப்பிள் மரத்தடிக்கு வந்து நின்றாள். "டெல்மர், ஆகஸ்ட் ரெண்டாவது ஞாயித்துக்கெழம எங்கண்ணன் இந்த வண்டில போறாரு. நீ ஓட்டுறியா, இல்ல நான் ஓட்டட்டுமா?" என்றாள். அவளுக்கு அந்த வண்டியை ஓட்டத் தெரியும் என்பதே எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. டெல்மர் துணியை எடுத்து, துடைத்த பம்பரையே மறுபடி துடைத்தான்.

அப்புறம்தான் புதுப் பட்டைகளுக்கு எழுதிப்போட்டான். ஊரில் ரொவீனா இருக்கிறாள். லாரிகளுக்கும் தானிய வண்டிகளுக்கும் பட்டை கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறாள். நாற்பது வயது, வேலையில் புலி. அவளிடம் போயிருந்தால் ஒரு நாள் வேலை. போகமாட்டான். போனால் தொங்குகிறது என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே! தபாலில் நீளப் பெட்டி வந்தது. ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை தன் வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்தான். நாங்கள் நாலு பேர் நாற்காலியோடு போய் உட்கார்ந்துவிட்டோம். இந்த மாதிரி காட்சியெல்லாம் அடிக்கடி கிடைக்காது.

வண்டியை ஜாக்கியால் தூக்கி இரும்புக் கால்களின் மேல் நிறுத்தினான். ஆக்சில் சக்கரங்களோடு அந்தரத்தில் தொங்கியது. பழைய பட்டைகள் கழன்று விழுந்தபோது அவை எவ்வளவு தட்டையாகப் போயிருந்தன என்பதை எல்லோரும் பார்த்தோம். "கப்பல்ல வரும்போதே சோனியாத்தான் வந்துச்சு" என்றான். எந்தக் கப்பல்? வண்டி டெட்ராய்ட்டிலிருந்து ரோட்டில் வந்தது. வேலை மட்டும் மோசமில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அறுபத்தெட்டு வயதில் மல்லாந்து படுத்து, துருப்பிடித்த நட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணெய் விட்டுக் கழற்றினான். எங்களை உதவிக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் எழுந்திருப்போமா என்பது வேறு கதை.

பட்டையை ஆக்சிலோடு பிணைக்கிற பழைய யு போல்ட்டையே திரும்ப மாட்டப் போகிறான் என்று ஆர்லீன் ரொவீனாவுக்குப் போன் பண்ணியிருக்கிறாள்; ரொவீனா புது போல்ட்டுகளோடு வந்து இறங்கினாள். குனிந்து அடியில் பார்த்தாள்.

"பெரியவரே, பட்டையோட ரெண்டு முனையிலயும் இருக்கற நட்ட இப்ப கையால மட்டும் திருகி விடுங்க. சக்கரம் தரையில நின்னு வண்டி பாரம் முழுசும் உக்காந்தப்புறம்தான் இறுக்கணும்."

"ஏன்?"

"பட்டை முனையில வளையமா ஒரு கண்ணு, அதுக்குள்ள ரப்பர் புஷ் இருக்குல்ல? தொங்குறப்ப இறுக்குனீங்கன்னா, கீழ இறக்குனதும் அது முறுக்கிக்கிட்டு நிக்கும். வண்டி இருக்க வேண்டியதவிட ஒசந்து நிக்கும், ஆனா அசையாது. கட்டாந்தரை மாதிரி இடிக்கும். கொஞ்ச நாள்ல ரப்பர் கிழிஞ்சிரும்."

டெல்மர் அடியிலிருந்து தலையை நீட்டினான். "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. நீ கட்டுறது பன்னி ஏத்துற லாரிக்கு. இது வேற சாதி வண்டி."

"சரிங்க, உங்க வண்டி, உங்க இடுப்பு" என்றுவிட்டு அவள் போய்விட்டாள்.

ரொவீனா சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் அந்த ரப்பர் புஷ்களை விற்றவன் நான். வாயைத் திறக்கவில்லை. அவன் கீழே விழுவதைப் பார்க்க ஆசையாக இருந்தது, அதுதான் உண்மை. டெல்மர் ஸ்பானருக்கு நாலடி இரும்புக் குழாயைச் சொருகி, தொங்குகிற பட்டையிலேயே எல்லா நட்டையும் முக்கி முக்கி இறுக்கினான். பிறகு ஜாக்கியை இறக்கினான். வண்டி நின்றது. முதுகைத் தூக்கிய பூனை போல, பின்பக்கம் நிமிர்ந்து நின்றது. அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான்.

அடுத்த இரண்டு வியாழக்கிழமைகளும் அவனைத் தாங்க முடியவில்லை. ஐந்தரைக்கு வந்தான், கூட்டத்தின் நட்டநடுவில் நிறுத்தினான். "லாரிக்காரி சொன்னத கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று புதிதாக வந்தவர்களிடமெல்லாம் கதை. வண்டி ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் டங் என்று இடித்தது, மூலையில் திரும்பினால் கிறீச்சிட்டது. வேனில் ஏதோ கோளாறென்று ஒரு நாள் அதில் வந்த ஆர்லீன் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "பல்லு செட்டு கழண்டுரும் போல இருக்கு" என்றாள். "ரேஸ் வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்றான் இவன்.

ஆகஸ்ட் இரண்டாவது ஞாயிறும் வந்தது. முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. பிசைந்த உருளைக்கிழங்கின் மேல் கோழி நூடுல்ஸ் ஊற்றிச் சாப்பிட்ட களைப்போடு பாதி இல்லமும் முன்வாசலில் உட்கார்ந்திருந்தது, வேடிக்கை பார்க்க. எங்கள் நாற்காலிக் கூட்டம் நாலு பேரும் போயிருந்தோம். வெண்டல் சக்கர நாற்காலியில், சலவை செய்த சட்டையில், மடியில் தொப்பியோடு. டெல்மர் வெள்ளை ஜாக்கெட்டில் வந்து இறங்கினான். வெண்டல் வண்டியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண் கலங்கும் என்று நான் நினைத்தேன்.

"மாப்ள, இத அந்தரத்துல தொங்கவிட்டு இறுக்கினியா?" என்றார்.

டெல்மரின் காது சிவந்தது. "இல்ல மச்சான், புதுப் பட்டை, கொஞ்சம் ஒசரமாத்தான்..."

நர்ஸ் ஒருத்தி, டெனீஸ் என்று பெயர், வாட்டசாட்டமான பெண், வண்டியின் டிக்கி மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். அசையவில்லை. இன்னொரு தடவை தன் எடை முழுவதும் போட்டு அழுத்தினாள். "இவருக்கு இருமியே ரெண்டு விலா விரிசல் விட்டிருக்கு. இந்த வண்டில நான் அனுப்ப மாட்டேன்" என்றாள்.

அப்போது டெல்மர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். அவனை அந்த நிமிஷம் அறைந்திருப்பேன். "நர்சம்மா சொல்றதும் சரிதான். இன்னொரு நாள் பாத்துக்கலாம் மச்சான்" என்றான்.

"எனக்கு இன்னொரு நாள் இல்ல மாப்ள" என்றார் வெண்டல். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சரக்கு இல்லை என்று சொல்வது போலச் சொன்னார்.

ஆர்லீன் வேனின் பின்கதவைத் திறந்து, ஸ்பானரையும் அந்த இரும்புக் குழாயையும் எடுத்து வந்து புருஷன் காலடியில் போட்டாள். வெண்டல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "பாரம் உக்காந்தப்புறம்தான இறுக்கணும்? நான்தான் பாரம். தூக்குங்கடா" என்றார்.

நாலு பேர் பிடித்து அவரை முன்சீட்டில் இறக்கினோம். ஆக்சிஜன் உருளையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று டெனீஸ் என்னைப் பின்சீட்டில் தள்ளினாள். புதிதாகத் தைத்துப் போட்ட அந்தச் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை, படுபாவி. ஓட்டுநர் சீட்டில், டெல்மரின் எடைக்குப் பதிலாக, ஆர்லீன் உட்கார்ந்தாள். டெல்மர் நின்றபடியே எங்களைப் பார்த்தான், வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்தான். அப்புறம் வெள்ளை ஜாக்கெட்டோடே தார்த் தரையில் மல்லாந்து படுத்து, சக்கரத்துக்கு முன்னால் உள்ளே நகர்ந்தான்.

முதல் நட்டு இளகியபோது அடியில் ஏதோ முனகியது. இரண்டாவது, மூன்றாவது. கடைசி நட்டு இளகியதும் நாங்கள் மூன்று பேரும் வண்டியோடு சேர்ந்து மெதுவாகக் கீழே இறங்கினோம், கிட்டத்தட்ட மூன்று விரற்கடை.

"எவ்வளவு எறங்கிச்சு?" என்று அடியிலிருந்து குரல் வந்தது. அவ்வளவு சின்னக் குரலில் டெல்மர் பேசி நான் கேட்டதில்லை.

"எறங்க வேண்டிய அளவுக்குத்தான். இப்ப இறுக்கு" என்றார் வெண்டல்.

அந்த இடுக்கில் நாலடிக் குழாயைச் சுழற்ற இடமில்லை. வெறும் ஸ்பானரால், கால்வட்டம் கால்வட்டமாக இறுக்கினான். அரைமணி நேரம். மூச்சு வாங்குவது எங்களுக்குக் கேட்டது. வெளியே வந்தபோது ஜாக்கெட்டின் முதுகில் மாவட்டமும் இல்லை, தலைவரும் இல்லை, ஒரே கறுப்பு. டெனீஸ் மறுபடி டிக்கியை அழுத்தினாள். வண்டி இதமாக இறங்கி ஏறியது. பின்பக்கம் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, சமமாக நின்றது. அவள் கடிகாரத்தைப் பார்த்து, "ஒரு மணி நேரம்" என்றாள்.

ஆர்லீன் இறங்கி வேனுக்குப் போனாள். டெல்மர் ஏறி உட்கார்ந்தான். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மேல் வண்டியைத் தவழவிட்டான். நான் உருளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெண்டலின் பிடரியையே பார்த்தேன். தலை லேசாக ஆடியது, அவ்வளவுதான். அதைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் சோளம், நடுவில் குவாரி ரோடு நூல் பிடித்தாற்போல நீண்டு கிடந்தது. இருபது வயதில் அவர் அதில் எப்படிப் பறந்தார் என்பது எங்கள் தலைமுறைக்கே தெரியும்.

வெண்டலின் இடது கை தொடையிலிருந்து எழுந்தது. மெதுவாக நகர்ந்து, கியர் கம்பியின் மேல் இருந்த டெல்மரின் கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நாற்பத்திரண்டு வருஷத்தில் அந்தக் கம்பியை இன்னொருவர் தொட்டு நான் பார்த்ததில்லை. எஞ்சின் மூன்றாவது கியரில் கத்திக்கொண்டிருந்தது, நாலாவதுக்கு மாற்ற வேண்டிய நேரம். டெல்மர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கிளட்சை மிதித்தான். வலது கையைக் கம்பியிலிருந்து எடுத்துத் தன் தொடையின் மேல் வைத்துக்கொண்டான்.